கடைசிப் படியில இருந்து ஆரம்பிச்சிட்டேன்
களியக்காவிளை பக்கம் எங்க ரப்பர் ஷீட் வித்த காசுல அண்ணன் என் பங்க தரல, நான் உடனே பேமிலி வாட்ஸ்அப் குரூப்ல போட்டு, சபை கமிட்டி வரைக்கும் கொண்டுபோயிட்டேன், ஆறு மாசம் பேச்சே இல்ல. அப்புறம்தான் பைபிள்ல மத்தேயு 18:15-17 கண்ணுல பட்டுச்சு, "நீயும் அவனும் தனித்திருக்கையில்" போய் சொல்லணுமாம், கேக்கலன்னா ஒண்ணு ரெண்டு பேரோட, சபை கடைசியிலதான். நான் அப்படியே தலைகீழ் (எத்தன பிரசங்கம் கேட்டிருப்பேன்!).

மறுநாள் காலைல தனியா போனேன். அண்ணன் ஷீட் போட டிஷ்ல ரப்பர் பாலும் ஆசிட்டும் கலக்கி நுரைய வழிச்சிட்டு இருந்தாரு, நிமிந்தே பாக்கல. நானும் ஒரு டிஷ்ஷ பிடிச்சேன். "அண்ணே, காசு கெடக்கட்டும், குரூப்ல போட்டது என் தப்பு." கொஞ்ச நேரம் கழிச்சு, "அம்மைக்க ஆஸ்பத்திரி பில்லு கெட்டுனேன் லேய்"ன்னாரு. அன்னைக்கே குரூப்ல மன்னிப்பு போட்டேன், மிச்ச காசு கிறிஸ்மஸுக்கு முன்னாடி தாரேன்னிருக்காரு.