அறிவியல் குறியீட்டில் இருக்கும் எண்களை வகுப்பது எப்படி?

8 × 10⁷ போல, ஒரு முன் எண்ணையும் 10-இன் அடுக்கையும் பெருக்கலாக எழுதுவதுதான் அறிவியல் குறியீடு. 10-இன் தலைமேல் சின்னதாக ஓர் அடுக்கைப் பார்த்ததும் பலருக்குக் கை நின்றுவிடுகிறது. ஆனால் இதில் செய்வது இரண்டே வேலை: முன்னால் இருக்கும் எண்களை வகுக்க வேண்டும், அடுக்குகளைக் கழிக்க வேண்டும். 8 × 10⁷-ஐ 2 × 10³-ஆல் வகுக்க, 8-இல் 2 நான்கு முறை, 7-இல் 3 போனால் 4, விடை 4 × 10⁴. ஏன் கழிக்கிறோம் என்றால், மேலே ஏழு பத்துகள் பெருக்கலில் நிற்கின்றன, கீழே மூன்று. மூன்றுக்கு மூன்று அடிபட்டுப் போனால் மேலே நான்குதான் மிச்சம்.

சரி, நிஜக் கணக்கு ஒன்று. சூரிய ஒளி பூமிக்கு வர எவ்வளவு நேரம் ஆகும்? தூரம் சுமார் 1.496 × 10¹¹ மீட்டர், ஒளியின் வேகம் நொடிக்குச் சுமார் 2.998 × 10⁸ மீட்டர். 1.496 ÷ 2.998 = 0.499, அடுக்கு 11 − 8 = 3, ஆக 0.499 × 10³. இங்கேயே பேனாவை வைத்துவிடாதீர்கள், முன் எண் 1-க்குக் குறையக் கூடாது, 10-ஐ எட்டவும் கூடாது. புள்ளியை ஓர் இடம் வலப்பக்கம் தள்ளினால் 4.99, அதாவது பத்து மடங்கு பெருத்துவிட்டது, அதை ஈடுகட்ட அடுக்கில் ஒன்றைக் குறைத்தால் 4.99 × 10². 499 நொடி, அதாவது 8 நிமிடம் 19 நொடி. எந்தப் பக்கம் தள்ளினால் கூட்டல், எந்தப் பக்கம் கழித்தல் என்று மனப்பாடம் செய்யவே வேண்டாம், முன் எண் பெரிதானால் அடுக்கு சிறிதாகும், அவ்வளவுதான்.

அப்புறம் மைனஸ் அடுக்குகள். மதிப்பெண் அதிகம் போவது இங்கேதான். புரோட்டானின் நிறை 1.673 × 10⁻²⁷ கிலோ, எலக்ட்ரானுடையது 9.11 × 10⁻³¹ கிலோ. புரோட்டான் எத்தனை மடங்கு கனம் என்று பார்க்க முன்னதைப் பின்னதால் வகுத்தால், முன் எண்கள் 0.1836 தரும். அடுக்கை −27 − (−31) என்று அடைப்புக்குறி போட்டே எழுதுங்கள், அது −27 + 31 = 4. விடை 0.1836 × 10⁴, சரிசெய்தால் 1.836 × 10³, புரோட்டான் ஏறக்குறைய 1836 மடங்கு கனம். அடைப்புக்குறியை விட்டுவிட்டு −58 என்று எழுதியிருந்தால் எலக்ட்ரானைவிடப் புரோட்டான் லேசானது என்று வந்திருக்கும், அதைப் பார்த்ததுமே சந்தேகம் வர வேண்டும்.

கால்குலேட்டரில் 6 × 10⁵ ÷ 3 × 10² என்று அப்படியே தட்டினால் 2 × 10⁷ வரும், ஏனென்றால் அது 3-ஆல் வகுத்துவிட்டு 10²-ஆல் பெருக்கிவிடுகிறது. (3 × 10²) என்று வகுக்கும் எண்ணை அடைப்புக்குறிக்குள் போடுங்கள், 2 × 10³ வந்துவிடும்.