மீன் முளையத்தில் குருதி ஓடத் தொடங்குவதைப் பார்ப்பது எப்படி?

அலங்கார மீன் கடையில் வாங்கும் வரிக்குதிரை மீனும், பாடசாலையிலுள்ள சாதாரண நுணுக்குக்காட்டியும் போதும். அதன் முட்டை கண்ணாடிபோல் தெளிவானது என்பதால், முளையத்தை அறுக்காமலே உள்ளே நடப்பதைக் காணலாம்.

படி 1. மாலையில் தொட்டியின் அடியில் விளையாட்டுப் போளைகளைப் பரப்பி, ஆண், பெண் மீன்களை விடுங்கள். விடிந்து வெளிச்சம் பட்டதும் அவை முட்டையிடும். போளைகளின் இடுக்குகளில் விழுபவை தப்பும். மற்றவற்றைப் பெற்ற மீன்களே தின்றுவிடும்.

படி 2. முட்டைகளைத் துளிசொட்டியால் எடுத்துச் சுத்தமான நீரில் இடுங்கள். வன்னியில் மழைக்குப் பின் கிணறுகளுக்குக் குளோரின் இடுவது வழக்கம். அந்த நீரை அவசரத்தில் ஊற்றி, மறுநாள் எல்லா முட்டைகளும் வெள்ளையாகிக் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஒரு நாள் திறந்து வைத்த நீரே நல்லது.

படி 3. 28.5 பாகை செல்சியசில், கருக்கட்டி ஏறத்தாழ 24 மணித்தியாலத்தில் இதயம் துடிக்கத் தொடங்கும். அடுத்த ஓரிரு மணித்தியாலங்களில் குருதி ஓடும். எனவே மறுநாள் காலையில், முதற்பாடம் தொடங்குமுன்பே பார்க்கத் தொடங்குங்கள். தை மாதக் குளிரில் சற்றுத் தாமதமாகும்.

படி 4. முதலில் 40 மடங்கிலும் பின் 100 மடங்கிலும் பாருங்கள். கண்ணுக்குக் கீழே, மஞ்சட்கருவின் முன்பக்கத்தில், ஒரு சிறு குழாய் அலையலையாகச் சுருங்கும். அதுவே இதயம், ஆனால் அதற்குள் இன்னும் குருதிக் கலங்கள் இரா. அவை உடலின் பின்பகுதியில், முதுகுநாணுக்குக் (முதுகோரமாக நீளும் கோல் போன்ற தாங்கி) கீழே குவிந்து காத்திருக்கும். பலரும் இதயத்தையே பார்த்துக்கொண்டிருந்து, முதல் ஓட்டத்தைத் தவறவிடுகிறார்கள். என் கருத்தில் வாலைப் பார்ப்பதே சரி. சில கலங்கள் திடீரென நகரும், நிற்கும், மீண்டும் நகரும். பெருநாடி வழியே பின்னோக்கிச் சென்றவை வாலருகே வளைந்து, நாளத்தின் வழியே திரும்பி, மஞ்சட்கருவின் மேல் அகலமாகப் பரவி, இதயத்துள் விழும். முதற்சுற்று அவ்வளவுதான், தசைக் கட்டங்களுக்கு இடையிலான சிறு குருதிக் குழாய்களில் ஓட்டம் பின்னரே தொடங்கும்.

இந்த வயதில் முளையம் ஒட்சிசனுக்குக் குருதியை நம்பியிருப்பதில்லை. ஒட்சிசன் தோலினூடாகவே உள்ளே பரவுகிறது. மரபணு மாற்றத்தால் இதயமே துடிக்காத விகாரி முளையங்களும் சில நாட்கள் உயிர்வாழ்கின்றன.

முளையம் முட்டைக்குள் துள்ளுவதால் காட்சி அடிக்கடி விலகும். கைபேசியில் காணொளி எடுத்து மெதுவாக ஓட்டிப் பாருங்கள். முதல் நாளில் நிறமற்றிருந்த கலங்கள் இரண்டாம் நாளில் செந்நிறம் பெற்றிருக்கும்.