ஒரு மீட்டர் ஸ்கேலும் நிலைமத் திருப்புத்திறனும்

ஒரு பொருளை ஓர் அச்சைச் சுற்றிச் சுழல வைப்பது எவ்வளவு கடினம் என்பதன் அளவுதான் நிலைமத் திருப்புத்திறன். பிளஸ் ஒன் பிள்ளைகளிடம் "ஒரு தண்டின் நிலைமத் திருப்புத்திறன் என்ன?" என்று கேட்டால், 12ஆல் வகுத்த சூத்திரம் சட்டென்று வந்துவிடும். "எந்த அச்சைப் பொறுத்து?" என்று உடனே கேட்பேன். அதைச் சொல்லாதவரை அந்த விடைக்குப் பொருளே கிடையாது. அதனால் முதலில் படம் வரையுங்கள். அச்சைப் புள்ளிக்கோடாகப் போடுங்கள்.

அப்புறம் பொருளை மெல்லிய துண்டுகளாகப் பிரிக்க வேண்டும். ஒரு துண்டில் உள்ள எல்லாப் புள்ளிகளும் அச்சிலிருந்து ஒரே தூரத்தில் இருக்கும்படி பிரித்தால் கணக்கு சுலபம். துண்டின் நிறையைத் தூரத்தின் வர்க்கத்தால் பெருக்கி, எல்லாத் துண்டுகளுக்கும் தொகையிட்டால் போதும்.

வளையத்துக்குத் தொகையிடவே வேண்டாம். மையம் வழியாக, தளத்துக்குச் செங்குத்தாகச் செல்லும் அச்சுக்கு மொத்த நிறையும் ஒரே தூரத்தில் இருக்கிறது: நிறை × ஆரம்². வட்டத் தட்டை அப்படிப்பட்ட வளையங்களாகப் பிரித்துத் தொகையிட்டால் அதில் பாதி வரும். தட்டின் விட்டமே அச்சு என்றால், செங்குத்து அச்சுத் தேற்றப்படி (தளத்திலேயே ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு அச்சுகளின் மதிப்புகளைக் கூட்டினால், அவை வெட்டும் புள்ளி வழியாகத் தளத்துக்குச் செங்குத்தாகச் செல்லும் அச்சின் மதிப்பு வரும்) அதிலும் பாதி, அதாவது கால் பங்கு. இந்தத் தேற்றம் தட்டையான பொருள்களுக்கு மட்டும்தான். கோளத்துக்கும் உருளைக்கும் போடக் கூடாது.

இப்போது ஸ்கேலுக்கு வருவோம். நீளம் 1 மீட்டர், நிறை 120 கிராம் என்று வைத்துக்கொள்வோம். நடுவில் குறுக்காகச் செல்லும் அச்சுக்கு, நிறை × நீளம்² ÷ 12 = 0.01 கிலோகிராம் மீட்டர்². முனைக்கு வேண்டுமென்றால் இணை அச்சுத் தேற்றம், அதாவது நிறை மையம் (ஸ்கேலுக்கு அதன் நடுப்புள்ளி) வழியாகச் செல்லும் அச்சின் மதிப்போடு, நிறை × இரு அச்சுகளின் இடைத்தூரம்² சேர்க்க வேண்டும்: 0.01 + 0.12 × 0.5² = 0.04.

இங்கேதான் நிறைய மதிப்பெண் போகிறது. ஒரு முனையின் 0.04ஐ வைத்துக்கொண்டு, மறுமுனைக்கு 0.12 × 1² சேர்த்து 0.16 என்று எழுதிவிடுகிறார்கள். இரண்டு முனைக்கும் ஒரே மதிப்புதானே வர வேண்டும்! இணை அச்சுத் தேற்றத்தில் ஓர் அச்சு கட்டாயம் நிறை மையம் வழியாகப் போக வேண்டும். எங்கிருந்து எங்கே போனாலும் முதலில் நிறை மையத்துக்கு வந்துவிடுங்கள்.

விடை சரியா என்று வீட்டிலேயே பார்த்துவிடலாம். முனையிலிருந்து 1 சென்டிமீட்டரில் துளை இருக்கிற மர ஸ்கேலை ஆணியில் தொங்கவிட்டு, லேசாக ஆட்டுங்கள். அந்த அச்சுக்கு 0.01 + 0.12 × 0.49² = 0.0388. இதை நிறை × புவியீர்ப்பு முடுக்கம் × 0.49 ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, 2 பையால் பெருக்கினால் அலைவு நேரம் 1.63 நொடி. நிறை அடிபட்டுப் போவதால் உங்கள் ஸ்கேலின் எடை எதுவானாலும் கவலை இல்லை. பத்து முழு அலைவுகளுக்கு மொபைல் ஸ்டாப்வாட்ச் 16.3 நொடியை ஒட்டிக் காட்ட வேண்டும். நிறை முழுவதும் நடுப்புள்ளியிலேயே இருப்பதாக நினைத்து அந்த 0.01ஐ விட்டுவிட்டால், கணக்கில் 14 நொடிதான் வரும்.