எரு பரப்பியபின் வரும் முதல் சில மணி நேரம்

எருவைப் பரப்பிவிட்டு உழவை நாளைக்கு என்று தள்ளிப்போடுவதில்தான் பாதிச் சத்து போகிறது. எருவில் உள்ள தழைச்சத்தில் (நைட்ரஜனில்) பயிர் உடனே எடுத்துக்கொள்ளக்கூடிய பங்கு அம்மோனியமாக இருக்கிறது. வெயிலும் காற்றும் பட்டால் அது அம்மோனியா வாயுவாகிப் பறந்துவிடும். சாணக்கரைசலை மேலாக ஊற்றினால், மொத்த இழப்பில் ஏறக்குறைய பாதி, ஊற்றிய அரை நாளுக்குள்ளேயே நடந்து முடிந்துவிடுகிறது. ஈரப்படுத்திய சிவப்பு லிட்மஸ் தாளை, புதிதாக ஊற்றிய கரைசலுக்கு ஒரு விரற்கடை மேலே பிடித்துப் பாருங்கள், தாள் நீலமாகும்.

ஆகவே வயல் முழுவதும் பரப்பி முடித்தபின் உழவைத் தொடங்காதீர்கள். ஒரு பாத்தி அளவுக்குப் பரப்பியதுமே பின்னால் கலப்பை வர வேண்டும். தொழுவுரம், கோழி எரு இரண்டையும் 10 முதல் 15 செ.மீ. ஆழத்துக்குள் புரட்டி மூடுங்கள். 4 மணி நேரத்துக்குள் மூடுவது நல்லது. 24 மணி நேரம் கழித்து உழுதால் கிடைக்கும் பலன் குறைவுதான். கோழி எருவில் யூரிக் அமிலம் மெல்லச் சிதைவதால் அம்மோனியா பல நாட்களுக்கு வந்துகொண்டே இருக்கும். அந்த எருவை மண்ணுக்கு மேலே விடவே கூடாது.

கரைசலுக்கு வழி வேறு. தட்டில் மோதித் தெறிக்க விடும் முறைதான் மிக மோசம், ஏனென்றால் காற்றுபடும் பரப்பு அதிகம். குழாய்களைத் தரையோடு இழுத்து வரிவரியாக ஊற்றினால் அம்மோனியா இழப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறையும். கொழுவால் 5 முதல் 8 செ.மீ. சால் கீறி, அதில் ஊற்றி மூடினால் 80 சதவீதம் வரை குறையும். ஆனால் மண் காய்ந்து இறுகியிருந்தால் சால் மூடாது, கரைசல் வெளியே வழியும். அப்படிப்பட்ட வயலில் கரைசலைச் சம அளவு தண்ணீரில் கலந்து, மாலையில், காற்று அடங்கிய வேளையில் ஊற்றுங்கள்.

இங்கேதான் பலர் கவனிக்காத ஒரு சிக்கல். புதைத்த தழைச்சத்து மண்ணிலேயே தங்குகிறது. மண் சொதசொதவென்று இருந்தால் நுண்ணுயிரிகள் அதை நைட்ரஸ் ஆக்சைடாக மாற்றும். அந்த வாயு 100 ஆண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைவிட 273 மடங்கு வெப்பத்தைப் பிடிக்கும். மண்ணின் துளைகளில் 60 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் நிறைந்தால் ஆபத்து தொடங்குகிறது. ஒரு பிடி மண்ணை அழுத்துங்கள்: விரலிடுக்கில் நீர் கசிந்தால் இன்று எரு வேண்டாம். பெருமழை வரும் என்றாலும் தள்ளிப்போடுங்கள்.

தண்ணீர் தேங்கும் நெல் வயலில் பச்சைச் சாணம் மீத்தேனைக் கூட்டும். நன்றாக மக்கியதையே போடுங்கள், நீர் கட்டுவதற்கு முன்பே.

கடைசியாக, மிச்சமான சத்தைக் கணக்கில் எடுக்காவிட்டால் பட்ட பாடு வீண். ஹெக்டேருக்கு 30 கன மீட்டர் கரைசல், கன மீட்டருக்கு 1.5 கிலோ அம்மோனியத் தழைச்சத்து என்று வையுங்கள். மொத்தம் 45 கிலோ. மேலே ஊற்றி 40 சதவீதம் போனால் 18 கிலோ இழப்பு. மூடியதால் 10 சதவீதமே போனால் 4.5 கிலோ. இரண்டுக்கும் உள்ள வித்தியாசமான 13.5 கிலோ உங்களுக்கு மிச்சம், அதாவது சுமார் 29 கிலோ யூரியாவில் உள்ள தழைச்சத்து. மேலுரத்தில் (பயிர் வளரும்போது போடும் உரத்தில்) அந்த அளவு யூரியாவைக் குறைத்துப் போடுங்கள். குறைக்காமல் விட்டால் அந்த உபரியே நைட்ரஸ் ஆக்சைடாகக் கிளம்பும்.