ஓடுகிற நாளுக்குள்ளேயே மன அழுத்தத்தைக் குறைப்பது எப்படி? (தொடங்குபவர்களுக்கு)

காலையில் ஐந்தரை பஸ், பின்னேரம் பிள்ளையின் ரியூசன், இடையில் லீசிங் தவணை, போதாததற்கு வட்ஸ்அப் குழுக்கள். கிளிநொச்சியிலோ மாங்குளத்திலோ வேலைக்குப் போய்வரும் ஒருவரிடம் தினமும் ஒரு மணித்தியாலம் தியானம் செய்யச் சொன்னால் அவருக்குச் சிரிப்புத்தான் வரும். அதனால் பஸ்ஸிலும் கிணற்றடியிலும் குசினியிலும் வைத்தே செய்யக்கூடியவற்றைத்தான் இங்கே பெரும்பாலும் தந்திருக்கிறேன். ஒரு பழைய கொப்பியும் பேனையும் இருந்தால் போதும்.

படி 1: உங்கள் அழுத்தத்தின் அடையாளத்தைக் கண்டுபிடியுங்கள்

சிலருக்குக் கழுத்து இறுகும், சிலருக்குத் தலையிடி, வயிற்றெரிவு. சிலர் ஒன்றுமில்லாத விஷயத்துக்குப் பிள்ளைகளில் எரிந்து விழுவார்கள். ஆபத்து என்று மூளை எடுத்துக்கொண்டதும் அட்ரினலின், கோர்ட்டிசோல் என்ற ஹோர்மோன்கள் சுரக்கின்றன. இதயம் வேகமாக அடிக்கிறது, தசைகள் இறுகுகின்றன. வயல் வரம்பில் பாம்பைக் கண்டால் அது உதவும். மேலதிகாரியின் குறுஞ்செய்தியைக் கண்டு ஓட முடியாதே, அந்த இறுக்கம் உடம்பிலேயே தங்கிவிடுகிறது. உங்களுக்கு முதலில் வருவது எது என்று கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். ஒன்று மட்டும்: நெஞ்சுவலி வந்தால் அதை ரென்சன் என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

படி 2: மூச்சை நீட்டி விடுங்கள்

மனதுக்குள் நான்கு எண்ணும்வரை மூக்கால் மூச்சை இழுங்கள். ஆறு எண்ணும்வரை மெல்ல விடுங்கள். ஆறுதலாக எண்ணினால் நிமிடத்துக்கு ஆறு மூச்சளவில் வரும். மூச்சு வெளியே போகும்போது மூளையிலிருந்து இதயத்துக்குப் போகும் வேகஸ் நரம்பின் வழியாக இதயத்துடிப்புச் சற்றுக் குறையும், அதற்காகத்தான் விடும் நேரத்தைக் கூட்டுகிறோம். ஐந்து நிமிடம் போதும். தலை சுற்றினால் நிறுத்திவிட்டு வழமைபோல மூச்சு விடுங்கள். ஏ-9 வீதியில் போய்வருபவர் என்றால் முறிகண்டியில் பஸ் நிற்கும் நேரமே இதற்குக் காணும். கச்சான் வாங்குவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

இதைச் சொல்லித்தருபவர்கள் பெரும்பாலும் கண்ணை மூடச் சொல்வார்கள். நான் வன்னியில் யாருக்கும் அப்படிச் சொல்ல மாட்டேன். 2009 இறுதிப் போரைக் கண்ட உடம்புகள் இங்கே எத்தனையோ. கண்ணை மூடிச் சும்மா இருந்தால் சிலருக்குப் பழைய சத்தங்கள்தான் கேட்கும். ஆகவே கண்ணைத் திறந்தே வைத்திருங்கள். இரண்டு பாதங்களையும் தரையில் நன்றாக ஊன்றுங்கள். கண்ணுக்குத் தெரிகிற ஐந்து பொருட்களின் பெயரை மெல்லச் சொல்லுங்கள்: வேப்பமரம், வாளி, சைக்கிள், இப்படி. கிணற்றுத் தண்ணீரைக் கையில் ஊற்றிக்கொண்டாலும் உதவும். எண்ணுவதே எரிச்சலாக இருந்தால் மூச்சுப் பயிற்சியை விட்டுவிட்டு இதை மட்டும் செய்யுங்கள். போர் முடிந்த மே 18 நெருங்கும் நாட்களில் நித்திரை குழம்புவதும் கோபம் வருவதும் பலருக்கு நடப்பதுதான். தள்ளிப்போடக்கூடிய வேலைகளை அந்தக் கிழமையில் வைக்காதீர்கள், தனியாகவும் இருக்காதீர்கள்.

படி 3: யோசனைகளைக் கொப்பியில் இறக்குங்கள்

இராச்சாப்பாட்டுக்கு முன் பதினைந்து நிமிடம். படுக்கப்போகும்போது வேண்டாம், அது நித்திரையைக் கெடுக்கும். பக்கத்தின் நடுவில் கோடு போட்டு, இடப்பக்கம் இந்தக் கிழமை உங்களால் செய்யக்கூடியதையும் வலப்பக்கம் உங்கள் கையில் இல்லாததையும் எழுதுங்கள்.

காலபோக அறுவடை நேரத்தில் மழை வருமோ என்பது வலப்பக்கம். நெல்லை மூடப் படங்கு இருக்கிறதா என்று பார்ப்பது இடப்பக்கம். இடப்பக்கத்தில் "கடன் பிரச்சினை" என்று பொதுவாக எழுதினால் பிரயோசனமில்லை. "திங்கள் காலை கிளைக்குப் போய்த் தவணைத் திகதியை மாற்றக் கேட்பது" என்று, எழும்பிப் போய்ச் செய்யக்கூடிய மாதிரி எழுத வேண்டும். நடுச்சாமத்தில் அதே யோசனை திரும்பி வந்தால், நாளைக்குக் கொப்பியில் பார்ப்போம் என்று தள்ளிவையுங்கள். முதல் சில நாட்கள் அது கேட்காது. பழகப் பழகக் கேட்கும்.

மூச்சுப் பயிற்சி நுண்கடனை அடைக்காது. கிழமைக்குக் கிழமை வாசலில் வந்து நிற்கும் தவணைதான் உங்கள் அழுத்தம் என்றால், முதலில் வேண்டியது கணக்கு. எவருக்கு எவ்வளவு, எப்போது என்று எழுதி வீட்டிலுள்ள மற்றப் பெரியவருக்கும் காட்டுங்கள். மறைத்து வைப்பதில் உண்டாகும் பாரம் பல நேரம் கடனைவிடக் கூட.

படி 4: பிளேன்ரீயும் போனும்

தேநீரிலும் கோப்பியிலும் நித்திரையை விரட்டுவது கஃபீன். பெரும்பாலானோருக்குக் குடித்த கஃபீனில் பாதி ஏறக்குறைய ஐந்து மணித்தியாலம் கழித்தும் உடம்பில் இருக்கும். பின்னேரம் ஆறு மணித் தேநீர் இரவு பதினொன்றுக்கும் வேலை செய்கிறது. கடைசிப் பிளேன்ரீயை மத்தியானத்தோடு முடித்துப் பாருங்கள். படுக்கப்போகும்போது போனை வேறு அறையில் சார்ஜில் போடுங்கள்.

படி 5: நடங்கள்

கிழமையில் பெரும்பாலான நாட்கள் அரை மணித்தியாலம். குளக்கட்டு அருமையான இடம், ஆனால் யானை நடமாட்டம் உள்ள பக்கமென்றால் பொழுதுபடுவதற்கு நல்ல நேரம் இருக்கும்போதே வீடு திரும்பிவிடுங்கள். பக்கத்து வீட்டுக்காரரையும் கூட்டிப்போனால் கதையும் ஆகும்.

படி 6: இதற்குள் அடங்காதபோது

இரண்டு கிழமைக்கு மேல் நித்திரை இல்லை, வேலைக்குப் போக முடியவில்லை, குடி கூடிக்கொண்டே போகிறது என்றால் இந்தக் குறிப்பு போதாது. மாவட்டப் பொது வைத்தியசாலைகளில் மனநலப் பிரிவு உண்டு. அங்கே பெரிய விளக்கம் எதுவும் தேவையில்லை. "நித்திரை வருகுதில்லை, நெஞ்சு படபடக்குது" என்று சொன்னாலே போதும், மிச்சத்தை அவர்கள் கேட்பார்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் நாள் பார்க்காதீர்கள். பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள், 1926-க்கு அழையுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் இலவச எண் அது, இரவிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.