கடலோரச் சாலையில் மவுண்டன் பைக்: வேகத்தை ஒப்பிடுவதும் ஹெல்மெட்டைப் பொருத்துவதும்

ஆடி மாதத்தில் ராமநாதபுரம் கடற்கரையின் தேவிபட்டினத்திலிருந்து வடக்கே தொண்டியை நோக்கி மவுண்டன் பைக் ஓட்டுபவர், தென்மேற்குக் காற்று முதுகைத் தள்ளுவதால், தம் கால்வலுவுக்கு மீறிய வேகத்தை மீட்டரில் காண்பார். திரும்பி வரும்போதுதான் உண்மை புலப்படும். எனவே இரண்டு சைக்கிள்களையோ டயர்களையோ ஒப்பிட விரும்புவோர், கடற்காற்று எழும்புவதற்கு முந்தைய அதிகாலையில், ஒரே சாலையில் போகவும் வரவும் ஓட்டி, மொத்தத் தூரத்தை மொத்த நேரத்தால் வகுக்க வேண்டும். 10 கி.மீ. தூரத்தை மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் கடந்து, 20 கி.மீ. வேகத்தில் திரும்பினால் 50 நிமிடங்கள் ஆகும்; சராசரி வேகம் 24 கி.மீ., பலர் கணக்கிடுவதுபோல் 25 அன்று.

சக்கரத்தின் சுற்றுகளை எண்ணி வேகம் காட்டும் மீட்டரில் சக்கரச் சுற்றளவு தவறாகப் பதிந்திருந்தால் இந்த உழைப்பு வீண். வால்வு தரைக்கு நேராக நிற்கும் இடத்தில் சாக்பீஸால் கோடிட்டு, ஆள் அமர்ந்த நிலையிலேயே சைக்கிளை ஒரு முழுச் சுற்று நேராக உருட்டி, வால்வு மீண்டும் கீழே வரும் இடம்வரை அளக்க வேண்டும். 2.1 அங்குல டயர் மாட்டிய 26 அங்குலச் சக்கரத்துக்குச் சுமார் 2,070 மி.மீ., 29 அங்குலச் சக்கரத்துக்குச் சுமார் 2,290 மி.மீ. வரும். ஒன்றின் அளவை மற்றதற்குப் பதிந்தால் சுமார் பத்து சதவீதம் பிழை நேரும். டயரின் பக்கவாட்டில் அச்சிட்ட வரம்புக்குள், ஒப்பிடும் இரண்டிலும் ஒரே அளவு காற்றடைத்து, அதிர்வு தாங்கும் சஸ்பென்ஷனைப் பூட்டிவிடுவதும் அவசியம். மேற்பரப்பில் ரப்பர்க் குமிழ்கள் துருத்திய பட்டன் டயர் தார்ச்சாலையில் சற்றுப் பின்தங்கவே செய்யும்.

இனி ஹெல்மெட். ஐரோப்பிய இ.என். 1078 தரச் சோதனையில் ஹெல்மெட் தட்டையான தளத்தில் மோதும் வேகம் மணிக்குச் சுமார் 20 கி.மீ.; அதாவது ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து தலை கீழே விழும் வேகம். நின்ற சைக்கிளிலிருந்து சாய்ந்தாலும் தலை ஏறக்குறைய அவ்வளவு உயரத்திலிருந்துதான் விழுகிறது என்பதால், மெதுவாகத்தானே போகிறோம் என்று ஹெல்மெட்டைக் கைப்பிடியில் தொங்கவிடுவது பெரும் ஆபத்து. மறுபுறம், 20 கி.மீ. வேகத்தைவிட 30 கி.மீ. வேகத்தில் மோதலின் ஆற்றல் இரண்டேகால் மடங்கு; வாகனத்தில் மோதும் நிலையைத் தாங்குமென்று எந்தச் சைக்கிள் ஹெல்மெட்டும் சோதிக்கப்படுவதில்லை. ஆகவே தனுஷ்கோடிச் சாலையில் தார்மேல் மணல் படர்ந்திருக்கும் இடங்களிலும், பக்கக்காற்று முன்சக்கரத்தை இழுக்கும் பாம்பன் பாலத்திலும் வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும். வேகச் சோதனையை அங்கே வைத்துக்கொள்ளவே கூடாது.

ஹெல்மெட்டின் முன்விளிம்பு புருவத்துக்கு மேல் இரண்டு விரற்கடை தள்ளிக் கிடையாக இருக்கட்டும். வெயிலுக்காக அதைப் பின்னால் தள்ளி வைத்தால் நெற்றி திறந்துவிடும். பக்கவார்கள் காதுக்குக் கீழே கூடி, தாடைவாருக்குள் ஓரிரு விரல் மட்டுமே நுழைய வேண்டும். வாரைப் பூட்டியபின் தலையை ஆட்டினால் ஹெல்மெட் தனியே நகரக்கூடாது. உப்பும் வியர்வையும் படிந்த வார்களை மென்சோப்பு நீரில் கழுவி, நிழலில் உலர்த்தவும். ஒருமுறை பலமாக அடிபட்டால், உள்ளிருக்கும் நுரை நசுங்கியது வெளியே தெரியாவிட்டாலும், அந்த ஹெல்மெட்டை மாற்றிவிட வேண்டும்.