வேலையை நிறுத்தினார்களா, வேலையால் நிறுத்தினார்களா?

யாழ்ப்பாணத்தில் ‘அவனை வேலையால நிப்பாட்டிப்போட்டாங்கள்’ என்றால், வேலை போய்விட்டது என்று சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். அதே ஊரில் ‘ஊழியர்கள் பணிநிறுத்தம்’ என்று ஒரு தலைப்பு வந்தால்? என் மச்சாள் தன் மகன் வேலை செய்யும் இடத்தைப் பற்றி அப்படியொரு தலைப்பைப் பார்த்துவிட்டு, மகனுக்குப் பதறியடித்து அழைப்பு எடுத்தார். பெடியனோ சங்கத்துக்காரரோடு வாசலில் பதாகை பிடித்துக்கொண்டு நின்றான்.

ஊழியர்கள் ஒன்றுசேர்ந்து, ஒரு கோரிக்கைக்காகத் தாங்களே வேலையை விட்டால் அது வேலைநிறுத்தம். நிர்வாகம் ஒருவரை விலக்கினால் பணிநீக்கம். விசாரணை முடியும்வரை ஒதுக்கிவைத்தால் பணி இடைநிறுத்தம். ‘வேலைநிறுத்தம் செய்யப்பட்டார்’ என்று தயவுசெய்து எழுதாதீர்கள். 1980 யூலையில் சம்பள உயர்வு கேட்டு இலங்கை அரச ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அரசாங்கம் ஏறத்தாழ 40,000 பேரைப் பணிநீக்கம் செய்தது. இந்த இரண்டு சொல்லும் இடம் மாறினால், போராடியவர் யார், தண்டித்தவர் யார் என்பதே மாறிவிடும். வேலை இழந்து நின்ற அந்தக் குடும்பங்களுக்கு அது பெரிய அநியாயம்.

நம் பக்கத்தில் பணிப்பகிஷ்கரிப்பு, பணிப்புறக்கணிப்பு என்ற சொற்கள்தான் கூடுதலாகப் புழங்குகின்றன. வேலைநிறுத்தத்துக்குப் பதிலாக இவற்றை எழுதலாம், பிழையில்லை. நடுவிலுள்ள ‘ப்’பை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஆனால் மாணவர்கள் விரிவுரைக்குப் போகாமல் இருப்பது வேலைநிறுத்தம் அல்ல, அது வகுப்புப் பகிஷ்கரிப்பு.

‘கதவடைப்பு’ இன்னும் சிக்கலானது. கடைகளும் பஸ்களும் ஓய்ந்து ஊரே முடங்கும் ஹர்த்தாலையும் இங்கே கதவடைப்பு என்கிறோம். தொழிலாளர் உள்ளே வராதபடி முதலாளி வாசலைப் பூட்டுவதும் கதவடைப்புத்தான். ஆகவே எது என்று ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். அரிசி விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏறியதை எதிர்த்து 1953 ஆகஸ்ட் 12இல் நடந்ததை வெறுமனே வேலைநிறுத்தம் என்றால் பாதி உண்மைதான். தொழிலாளரோடு கடைக்காரரும் கமக்காரரும் இறங்கியதால் அது ஹர்த்தால்.

அப்புறம், ‘சட்டப்படி வேலை’ என்ற போராட்டம். இதில் வேலை நடக்கும். விதியில் உள்ளதற்கு மேலே ஒன்றும் நடக்காது, மேலதிக நேரமும் பார்க்கமாட்டார்கள். இதைப் போய் ‘வைத்தியசாலையில் பணிப்பகிஷ்கரிப்பு’ என்று பகிர்ந்தால், பருத்தித்துறையிலிருந்து கிளினிக்குக்கு வர இருந்த ஒரு வயதானவர் மருந்து எடுக்காமலே வீட்டில் நின்றுவிடுவார்.

உண்மையான பணிப்புறக்கணிப்பு என்றாலும் எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை, ஒருநாள் அடையாளப் போராட்டமா, தொடர் போராட்டமா, அவசர சிகிச்சை நடக்கிறதா என்று சங்கத்திடம் கேட்டு எழுதுங்கள். முதல் பஸ்ஸுக்காக விடிய ஐந்து மணிக்கு எழும்புகிறவர்கள் அதைத்தான் முதலில் தேடுவார்கள்.